புற ஊதாவில் பூ: இந்த ஃபில்டர், லென்ஸ், ஃப்ளாஷ் செட் தேறுமா?

கேமரா கடையில் போய் ‘யுவி ஃபில்டர்’ என்று கேட்டால் உடனே ஒரு கண்ணாடியை எடுத்து நீட்டுவார்கள். அது புற ஊதாவைத் தடுக்கிற கண்ணாடி. லென்ஸில் கீறல் விழாமல் இருக்க மாட்டுவது. தேனீக்குத் தெரிந்து நம் கண்ணுக்குத் தெரியாத பூவின் கோலத்தைப் புற ஊதாவில் படமெடுக்க வேண்டியது அதற்கு நேர் எதிரான சாமான். புற ஊதாவை மட்டும் உள்ளே விட்டு, கண்ணுக்குத் தெரிகிற ஒளியையும் அகச்சிவப்பையும் வாசலிலேயே நிறுத்த வேண்டும். அப்படிப்பட்ட கண்ணாடியை மதுரைக் கடைகளில் தேடி அலைய வேண்டாம். இறக்குமதிதான் வழி, சுங்கம் தனி.

இங்கே எடைபோடுவது குறைந்த செலவில் ஒப்பேற்றுகிற ஒரு செட்டை. புற ஊதாவை விடும் இசட்டபிள்யூபி-1 கண்ணாடி 2 மி.மீ., அதன் பின்னால் அகச்சிவப்பை அடைக்கும் க்யூபி-39 கண்ணாடி 2 மி.மீ.; பழைய எல்-நிக்கோர் 80 மி.மீ. எஃப் 5.6 என்லார்ஜர் (ஃபிலிமைப் பெரிதாக்கி அச்சிடும் கருவி) லென்ஸ். சென்சாருக்கு முன்னால் இருந்து புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் கண்ணாடியைக் கழற்றிய மிரர்லெஸ் கேமரா. முகப்பு பிளாஸ்டிக்கை எடுத்துவிட்ட பழைய ஃப்ளாஷ். கடைசியில் தேனீப் பார்வைக்கு மாற்ற இலவச மென்பொருள். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கையிலிருக்கிற பணத்தை ஃபில்டரில் போடுங்கள். லென்ஸ் சுமாராக இருந்தால் படம் கொஞ்சம் மழுங்கும், அவ்வளவுதான். ஃபில்டர் சுமாராக இருந்தால் படமே பொய்.

ஃபில்டர்

இசட்டபிள்யூபி-1 பார்வைக்குக் கன்னங்கரேல் என்று இருக்கும். சூரியனுக்கு நேராகப் பிடித்தால் அடியில் லேசான ஊதா. 300 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளிக்கு, அதாவது புற ஊதாவுக்கு, வழி விடும், 400-ஐத் தாண்டியதும் கதவைச் சாத்திவிடும். சிக்கல் என்னவென்றால் 700 நானோமீட்டர் பக்கம் போனதும் அதே கதவு மறுபடி கொஞ்சம் திறந்துகொள்கிறது. நம் கண்ணுக்கு அந்த இடம் கிட்டத்தட்ட இருட்டு. தடுப்பு கழற்றிய சென்சாருக்கோ அதுதான் பட்டப்பகல். புற ஊதாவில் சென்சார் அரைக்குருடு. மேலே இருக்கிற வண்ணச் சில்லுகளும் நுண் லென்ஸுகளும் பெரும்பகுதியை விழுங்கிவிடும். 700-இல் அப்படி எந்தத் தடையும் இல்லை, வெயிலிலும் அந்த ஒளி தாராளம். அதனால் ஒரு சதவீதம் கசிந்தாலே படம் கெட்டுவிடும்.

அந்தக் கசிவை அடைக்கத்தான் க்யூபி-39. இளநீலப் பச்சையில் இருக்கும். புற ஊதாவில் பாதிக்கு முன்பின் விட்டுவிட்டு, 700-க்கு மேல் போவதை ஏறக்குறைய முழுதாகத் தின்றுவிடும். ஆனால் அது 2 மி.மீ. இருக்க வேண்டும். விலை குறைகிறதே என்று 1 மி.மீ. அனுப்புகிறவர்கள் உண்டு, அங்கேதான் ஏமாற்றம். கண்ணாடியின் தடுப்புத் திறன் தடிமனோடு கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். 1 மி.மீ. நூற்றில் ஒன்றைக் கசியவிட்டால் 2 மி.மீ. பத்தாயிரத்தில் ஒன்றைத்தான் விடும். பார்சல் வந்ததும் வெர்னியர் காலிபர் வைத்து அளந்துவிடுங்கள்.

வாங்குமுன் விற்பவரிடம் ஊடுருவல் வரைபடம் கேளுங்கள். அதையும் லாக் அளவுகோலில் (ஒவ்வொரு கோடும் பத்து மடங்கு) கேளுங்கள். சாதாரண சதவீத வரைபடத்தில் 0, 20, 40 என்று கோடு போட்டிருப்பார்கள், 0.5 சதவீதக் கசிவு அதில் அடிக்கோட்டோடு ஒட்டிக்கொண்டு கண்ணுக்கே தெரியாது. லாக் வரைபடம் கேட்டதும் பதில் வராமல் போனால் அந்தக் கடையை விட்டுவிடலாம். எஸ்-8612 என்ற கண்ணாடி கிடைத்தால் க்யூபி-39-க்கு பதிலாக அதையே வாங்குவது மேல். புற ஊதாவைக் கூடுதலாக விடும், அகச்சிவப்பை இன்னும் இறுக்கமாக அடைக்கும், விலையும் ஏறும். இசட்டபிள்யூபி-2 மலிவு என்று சிலர் சிபாரிசு செய்வார்கள். வேண்டாம். அது 370, 400 பக்கம் சாய்ந்தது, கசிவும் அதிகம். பூவின் கோலம் வெளிறித்தான் வரும்.

வந்த ஃபில்டர் நல்லதா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. வெயிலில் ஒரு வேப்பங்கிளையைப் படமெடுங்கள். இலைகள் கருப்பாக வர வேண்டும், ஏனென்றால் பச்சை இலை புற ஊதாவைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. அகச்சிவப்பில் அதே இலை பனி போர்த்தியது போல வெளுத்து நிற்கும். ஆக, இலை சாம்பலாகவோ வெளுத்தோ வந்தால் கசிவு இருக்கிறது, சந்தேகமே வேண்டாம். இரண்டாவது சோதனை இன்னும் கண்டிப்பானது. வெல்டிங், கிரைண்டிங் வேலைக்குப் போடுகிற நிறமில்லாத பாலிகார்பனேட் கண்ணாடி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அதைப் பூவுக்கு முன்னால் பாதி மறைக்கிற மாதிரி வையுங்கள். பாலிகார்பனேட் புற ஊதாவை விடாது. படத்தில் அது கூலிங் கிளாஸ் போல மை பூசியிருக்க வேண்டும். அதன் வழியே பூ தெரிந்தால், தெரிகிற அளவு முழுவதும் கசிவு.

விலையுயர்ந்த மாற்று, வானியல்காரர்கள் வெள்ளிக் கிரகத்தைப் படமெடுக்க வாங்குகிற பாடர் யு-வீனஸ். 320 முதல் 390 வரை விடுகிற ஒற்றை ஃபில்டர், அடுக்கத் தேவையில்லை, கசிவு கட்டுப்பாடு அபாரம். ஆனால் அது மேற்பூச்சால் வேலை செய்வது. ஒளி சாய்வாக விழுந்தால் அதன் அலைவரிசை நகரும், அகலக் கோண லென்ஸில் படத்தின் நடுவுக்கும் ஓரத்துக்கும் நிறம் மாறும். நிறக் கண்ணாடி இரண்டை அடுக்கிய நம் செட்டுக்கு அந்த வியாதி இல்லை. இதற்கு வேறு வியாதி. இரண்டு கண்ணாடிக்கும் இடையில் காற்று இருப்பதால் எதிரொளிப்பு கூடும். வெயில் பக்கவாட்டில் அடித்தால் படத்தின் நடுவே வெளிறிய ஒரு வட்டம் வந்து உட்காரும். ஒரு கருப்பு அட்டையைச் சுருட்டி லென்ஸ் முன்னால் குழாயாக மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்னொன்று, இந்தக் கண்ணாடிகளுக்கு ஈரம் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெறுமனே பையில் போட்டு வைத்தால் மேலே மூச்சு விட்டது போல ஒரு படலம் படியும், துடைத்தாலும் போகாது. சீரியம் ஆக்சைடு பொடி போட்டு மெருகேற்றினால் போகும், ஆனால் அது நிதானம் உள்ளவர்கள் செய்கிற வேலை. சிலிகா ஜெல் பொட்டலம் போட்ட இறுக்கமான டப்பா போதும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மிதமான சூட்டில் வறட்டி எடுங்கள், அந்த வாணலி மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது.

லென்ஸ்

நவீன லென்ஸ்களில் கண்ணாடிகள் அதிகம், பூச்சுகள் அதிகம், ஒட்டுப் பசையும் அதிகம். மூன்றும் புற ஊதாவைக் குடிக்கும். நிக்கான் இதற்கென்றே குவார்ட்ஸும் ஃப்ளோரைட்டும் வைத்துச் செய்த யுவி-நிக்கோர் 105 மி.மீ. இருக்கிறது. அதன் விலைக்கு ஒரு நல்ல பைக் வாங்கலாம், நமக்கு வேண்டாம். எல்-நிக்கோர் 80 மி.மீ. எஃப் 5.6, அதிலும் பழைய உலோக உடம்பு மாடல், புற ஊதாவை வியக்கத்தக்க அளவுக்கு விடுகிறது. அதைவிட முக்கியம், கண்ணுக்குத் தெரிகிற ஒளிக்கும் புற ஊதாவுக்கும் இதன் ஃபோகஸ் அதிகம் விலகாது. எஃப் 8, எஃப் 11-இல் அந்தச் சிறு விலகலும் மறைந்துவிடும். தேனீப் பார்வைக்கு இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தப் போகிறோம் என்பதால் இந்தக் குணம் தங்கம்.

கறுப்பு வெள்ளைக் காலத்து ஸ்டுடியோக்களின் பரணில் என்லார்ஜர்கள் இன்னும் கிடக்கின்றன. கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. 50 மி.மீ. என்லார்ஜர் லென்ஸ் கிடைத்தால் அதுவும் பழகுவதற்குப் போதும். வாங்குமுன் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது.

இந்த லென்ஸில் ஃபோகஸ் வளையம் கிடையாது. பின்பக்கம் எம்-39 மரை. எம்-39-ஐ எம்-42 ஆக்கும் வளையம், அதன் பின் திருகத் திருக 17 முதல் 31 மி.மீ. வரை நீளும் ஹெலிகாய்டு என்ற குழாய், அதன் பின் எக்ஸ்டென்ஷன் டியூப்கள், கடைசியில் கேமராவுக்கான அடாப்டர். முன்பக்க மரை 34.5 மி.மீ. என்பதால் 52 மி.மீ. ஃபில்டர் மாட்ட ஸ்டெப்-அப் வளையம் வேண்டும். இந்த ஒரு வளையத்தை மறந்துவிட்டு மூன்று வாரம் பார்சலுக்குக் காத்திருப்பது இந்தத் துறையில் சகஜம்.

நீட்டல் கணக்கு எளிது. முடிவிலி ஃபோகஸுக்கு வேண்டிய தூரத்துக்கு மேல் 20 மி.மீ. நீட்டினால் பூ கால் அளவில் சென்சாரில் விழும், 40 மி.மீ. நீட்டினால் அரை அளவில். நீட்ட நீட்ட வெளிச்சம் குறையும். அரை அளவில் எஃப் 8 என்று வைத்தது எஃப் 12 ஆகிவிடும், ஒரு ஸ்டாப்புக்கு (வெளிச்சம் பாதியாவது) மேல் நஷ்டம். புற ஊதாவில் ஒரு ஸ்டாப் என்பது பெரிய தொகை. சூரியகாந்தி மாதிரிப் பெரிய பூவுக்குக் கால் அளவே போதும்.

கேமராவைப் பற்றிச் சுருக்கமாக. டிஎஸ்எல்ஆர் வேண்டாம், கண் வைத்துப் பார்க்கும் அதன் துளையில் இந்த ஃபில்டரோடு எதுவும் தெரியாது. மிரர்லெஸில் லைவ் வியூவிலேயே புற ஊதாவைப் பார்த்து ஃபோகஸ் செய்யலாம். தடுப்பைக் கழற்றித் தருகிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பதிலுக்கு என்ன கண்ணாடி வைக்கிறீர்கள்? குவார்ட்ஸோ புற ஊதா விடும் தெளிந்த கண்ணாடியோ என்றால் சரி. ‘720’ என்று சொன்னால் அது அகச்சிவப்புக்கு மட்டுமானது. பழையதன் ஒளியியல் தடிமனுக்குப் பொருந்துகிறதா? பொருந்தாவிட்டால் மற்ற லென்ஸ்களில் ஃபோகஸ் தள்ளிப்போகும். தூசி உதறும் கண்ணாடியில் இன்னொரு தடுப்பு ஒட்டியிருந்தால் அதையும் எடுக்கிறீர்களா? அதை விட்டுவிட்டால் மொத்தச் செலவும் வீண். செல்ஃபோன் பேட்டரி மாற்றுகிற மேசையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். சென்சாருக்கும் புதுக் கண்ணாடிக்கும் நடுவே ஒரு தூசு சிக்கினால் எல்லாப் படத்திலும் அது இருக்கும்.

வெளிச்சமும் காற்றும்

மதுரை 9.9 டிகிரி வடக்கில் இருக்கிறது. சித்திரை பிறப்பை ஒட்டியும் ஆவணி நடுவிலும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல். புற ஊதாவுக்கு இதைவிட நல்ல ஊர் எங்கே போய்த் தேடுவது. காலை 10-க்கு முன், மாலை 4-க்குப் பின் வேண்டாம்; சூரியன் தாழ்ந்தால் முதலில் தேய்வது குறைந்த அலைநீளம்தான். வானம் புற ஊதாவை நன்றாகச் சிதறடிப்பதால் நிழல்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவு கருக்காது. மரநிழலில்கூட, மேலே வானம் திறந்திருந்தால், படம் கிடைக்கும். பசுமைக்குடிலுக்குள் மட்டும் போகாதீர்கள். அந்த பாலித்தீன் விரிப்பு வெயிலில் நைந்துபோகாமல் இருக்கப் புற ஊதாத் தடுப்பு சேர்த்தே வருகிறது, உள்ளே நமக்கு இருட்டு.

தொடக்க அமைப்பு: எஃப் 8, ஐஎஸ்ஓ 800, கால் வினாடி. ரா கோப்பு, மேனுவல் முறை. அங்கிருந்து ஹிஸ்டோகிராமைப் பார்த்து ஏற்றி இறக்குங்கள். சரி செய்யாத படம் முழுக்கச் செக்கச்செவேல் என்று வரும், சிவப்புச் சேனல்தான் புற ஊதாவை அதிகம் பிடிக்கிறது. அந்தச் சிவப்பு விளிம்பைத் தொடாத வரை எக்ஸ்போஷரை ஏற்றலாம்.

கால் வினாடி என்றதும் காற்று எதிரியாகிவிடும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது சூரியகாந்தி எம்மாத்திரம். தண்டுக்குப் பக்கத்தில் இரண்டு மூங்கில் குச்சி ஊன்றி வாழைநாரால் தளர்வாகக் கட்டுங்கள். சிறு செடிக்கு ஈர்க்குச்சி போதும். நைலான் கயிறு வேண்டாம், தண்டை அறுக்கும், படத்திலும் பளிச்சென்று துருத்தும். மூன்று பக்கம் தெர்மாகோல் அட்டை நிறுத்தலாம், ஆனால் பூவுக்கு மிகப் பக்கத்தில் வைத்தால் எதிரொளிப்பு படத்தில் கலக்கும்.

காற்று நிற்கவே நிற்காது என்றால் ஃப்ளாஷ். செனான் குழாய் புற ஊதாவைத் தாராளமாகக் கக்கும். அதைத் தடுப்பது முன்னால் இருக்கிற பிளாஸ்டிக் லென்ஸும், புதிய மாடல்களில் குழாயின் மேலிருக்கும் மெல்லிய மஞ்சள் பூச்சும். பழைய ஃப்ளாஷ்களில் குழாய் தெளிவாக இருக்கும், முகப்பைக் கழற்றினால் போதும். கழற்றுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும். பேட்டரியை எடுத்து மணிக்கணக்கானாலும் அடி விழும். 5 வாட், 1 முதல் 2 கிலோஓம் ரெசிஸ்டரை இடுக்கியில் பிடித்து இரு முனையையும் தொட்டு இறக்கி, மீட்டர் வைத்து உறுதி செய்த பிறகே கை வையுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கை பழகாதவர்கள் பழகியவரிடம் கொடுத்துவிடுவது உத்தமம். படமெடுக்கும்போது அதே பாலிகார்பனேட் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொள்ளுங்கள். முழு சக்தியில், பூவிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் தொடங்கிப் பாருங்கள்.

ரூபாய் நோட்டு சோதிக்கிற ஊதா டார்ச்சை வைத்து இந்த வேலை செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் நிறைய. அவற்றில் பெரும்பாலானவை 395 நானோமீட்டர், கதவு ஏறக்குறைய மூடிவிடுகிற விளிம்பில் நிற்பவை. நல்ல 365 டார்ச்கூட ஃபோகஸ் பார்க்கத்தான் உதவும். இதில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். இருட்டில் டார்ச் அடித்து, பூவும் மகரந்தமும் பச்சை, நீலம், ஆரஞ்சு என்று மினுங்குகிற படங்கள் ‘தேனீ பார்ப்பது இப்படித்தான்’ என்ற வரியோடு உலா வருகின்றன. அது ஒளிர்வு. புற ஊதா விழுந்து, பூ அதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் திருப்பி அனுப்புகிறது. நாம் எடுப்பது பூவிலிருந்து அப்படியே திரும்பி வருகிற புற ஊதா. இரண்டுக்கும் முறை வேறு, ஃபில்டர் வேறு, பொருளும் வேறு. அழகாக இருக்கிறது என்பதற்காக அதைத் தேனீ தலையில் கட்டக் கூடாது.

வெள்ளை எது?

புற ஊதாவில் வெள்ளைத் தாள் வெள்ளை இல்லை. தாளைப் பளிச்சென்று காட்டச் சேர்க்கிற வேதிப்பொருள் புற ஊதாவைக் குடிக்கும், வெள்ளைப் பெயிண்டில் இருக்கிற டைட்டானியம் டை ஆக்சைடும் குடிக்கும். இரண்டும் படத்தில் கருக்கும். இந்தச் செட்டிலேயே மலிவான, ஆனால் தவிர்க்கக் கூடாத உறுப்பு பிளம்பர் சுற்றுகிற வெள்ளை டெஃப்லான் டேப். 12 மி.மீ. அகலம், 0.075 மி.மீ. தடிமன். ஒரு சுற்று ஒளியை ஊடுருவ விடும், அதனால் தீப்பெட்டி அளவு அட்டையில் 30, 40 சுற்று சுருக்கமில்லாமல் சுற்றுங்கள். கைரேகை எண்ணெய் பட்டாலே நிறம் மாறும், விளிம்பைப் பிடித்துப் பழகுங்கள். இதைப் பூவுக்குப் பக்கத்தில், பூ பார்க்கிற திசையிலேயே வைத்து முதல் படம் எடுக்க வேண்டும்.

ரா கோப்பைத் திறக்கும்போது லைட்ரூம் கைவிட்டுவிடும். அதன் வெப்பநிலை அளவு 2000 கெல்வினோடு நின்றுவிடுவதால் படம் சிவப்பிலேயே நிற்கும். தனி ப்ரொஃபைல் செய்தால்தான் நகரும். ராத்தெரபீ, டார்க்டேபிள் இரண்டும் இலவசம், டேப்பைத் தொட்டு வெள்ளை நிர்ணயித்தால் ஒழுங்காக வரும். சரி செய்த படத்தில் மஞ்சளும் இளம் ஊதாவும் தெரியும். அவை கேமராவின் வண்ணச் சில்லுகள் செய்கிற மாயம். பூவுக்கு அப்படி ஒரு நிறம் எந்தக் கண்ணிலும் கிடையாது.

தேனீப் பார்வை

தேனீக்கு நிறம் தெரியும் என்று விலங்கியலாளர் கார்ல் வான் ஃபிரிஷ் 1914-இல் காட்டினார். அது புற ஊதாவையும் நிறமாகப் பார்க்கிறது என்று 1924-இல் ஆல்ஃபிரட் கூன் காட்டினார். ஐரோப்பியத் தேனீயின் கண்ணிலுள்ள மூன்று நிற உணர்விகளின் உச்சம் ஏறக்குறைய 344, 436, 544 நானோமீட்டர்: புற ஊதா, நீலம், பச்சை. சிவப்புக்கு உணர்வி இல்லை. நம்மிடம் இருப்பது நீலம், பச்சை, சிவப்பு. ஆகவே எளிய வழி, எல்லாவற்றையும் ஒரு படி இடம் மாற்றுவது. புற ஊதாவை நீலச் சேனலில், நீலத்தைப் பச்சையில், பச்சையைச் சிவப்பில் வைக்கிறோம்.

செய்முறை இப்படி. டிரைபாடை அசைக்காமல், இரண்டு நிமிடத்துக்குள், ஒரே எஃப் எண்ணில் இரண்டு படம். முதலாவது, புற ஊதாவையும் அகச்சிவப்பையும் வெட்டும் சாதாரணத் தடுப்பு ஃபில்டரோடு. இரண்டாவது, புற ஊதா அடுக்கோடு. ஃபில்டர் மாற்றும்போது மரையைத் திருகினால் லென்ஸ் நகரும், காந்த வளையம் வாங்கிவிடுங்கள். இரண்டையும் நேர்கோட்டு 16-பிட் டிஃப் ஆக எடுக்க வேண்டும். டோன் கர்வ், கான்ட்ராஸ்ட், ஷார்ப்பனிங் எதுவும் கூடாது. புற ஊதாப் படத்தில் சிவப்புச் சேனலை மட்டும் கறுப்பு வெள்ளையாகப் பிரித்தெடுங்கள். இரண்டு படத்திலும் டேப் ஒரே மதிப்புக்கு வரும்படி பெருக்குங்கள், கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் இரண்டையும் அடுக்கிப் பொருத்துங்கள். கலர்ஸ் மெனுவில் காம்போனென்ட்ஸ் போய் டீகம்போஸ் செய்து, கம்போஸில் இடம் மாற்றி அமையுங்கள்.

சூரியகாந்தியில் இது எப்படி வரும் என்று பார்க்கலாம். நம் கண்ணுக்கு இதழ் அடி முதல் நுனி வரை ஒரே மஞ்சள். புற ஊதாப் படத்தில் நுனிப் பாதி வெளுத்து, அடிப் பாதியும் நடுத்தட்டும் கருத்து, வில்வித்தைப் பலகை மாதிரி நிற்கும். அடிப் பகுதியில் திரண்டிருக்கிற ஃப்ளேவனால் என்ற நிறமிகள் புற ஊதாவை விழுங்குவதுதான் காரணம். சூரியகாந்தியின் உறவான ருட்பெக்கியா பூவில் இதே வகைப் பொருள்தான் காரணம் என்று 1972-லேயே கண்டுபிடித்தார்கள். சேனல் மாற்றிய படத்தில் நுனி பளிச்சென்ற கத்தரிப்பூ இளஞ்சிவப்பு, அடி சிவப்பு. இலை மங்கிய செம்பழுப்பு. இலை பச்சையாகவே நின்றால் எங்கோ சேனலை மாற்ற மறந்துவிட்டீர்கள். செம்பருத்தி சிவப்பு ஏறக்குறைய கருப்பில் அடங்கும். இதழ் ஓரமெங்கும் வானவில் கோடு தெரிந்தால் இரண்டு படத்துக்கும் நடுவே பூ ஆடியிருக்கிறது, அதைத் திருத்த முடியாது, மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

2022-இல் வந்த ஓர் ஆய்வு இந்தக் கருவட்டத்துக்கு இன்னொரு வேலையும் சொல்கிறது. காட்டுச் சூரியகாந்திகளில் வறண்ட காற்றுள்ள இடங்களில் வட்டம் பெரிதாக இருந்தது, பெரிய வட்டமுள்ள பூவின் இதழ் நீரிழப்பதும் குறைவாக இருந்தது. அதனால் கோலத்தைப் பார்த்ததும் ‘வண்டுக்கு வழிகாட்டி’ என்று மட்டும் எழுதி ப்ராஜெக்டை மூடிவிடாதீர்கள். படமெடுக்கச் சூரியகாந்தி வேண்டுமென்றால் ஆடி, ஆவணியில் தென்காசிப் பக்கம் சுந்தரபாண்டியபுரம் வயல்கள். காற்றும் அப்போதுதான் உச்சம் என்பது விதி. உள்ளூரிலேயே பார்க்க, கண்மாய் ஓரத்து நீர்க்கிராம்பு நல்ல தொடக்கம். அதன் உறவான லுட்விஜியா பெருவியானா, புற ஊதாக் கோலத்துக்குப் பேர்போன பூ. மதுரையை அடுத்த அரிட்டாபட்டிப் பக்கம் போனால் பறிக்காமல் செடியிலேயே எடுங்கள், 2022 முதல் அந்தப் பகுதி பல்லுயிர் பாரம்பரியத் தலம்.

சேனல் மாற்றம் கண்காட்சிக்குப் போதும், அளவீட்டுக்குப் போதாது. ஆய்வுக்கு வேண்டியவர்களுக்கு இமேஜ்ஜே என்ற பட ஆய்வு மென்பொருள் மேல் ஓடும் மைக்கா டூல்பாக்ஸ் இருக்கிறது; 2015-இல் வெளியானது, இலவசம். கேமராவின் உணர்திறனை அளந்து கொடுத்தால், ஒவ்வொரு புள்ளியிலும் தேனீயின் மூன்று உணர்விகளும் எவ்வளவு பிடிக்கும் என்று கணக்கிட்டுத் தரும். 2020-இல் சேர்ந்த பகுதி, பார்வைக் கூர்மையையும் தூரத்தையும் வைத்துப் படத்தை மங்கலாக்கியும் காட்டும். கற்றுக்கொள்ள ஒரு வாரம் பிடிக்கும், மெனுக்கள் முரடு. டேப்பை நம்பி இதில் இறங்காதீர்கள், எதிரொளிப்பு அளந்து தரப்பட்ட தகடு வேண்டும். அதில் வருகிற தேனீ மதிப்புகள் ஐரோப்பியத் தேனீயுடையவை என்பதும் நினைவிருக்கட்டும். நம் பக்கத்துப் பெட்டிகளில் பெரும்பாலும் வளர்வது இந்தியத் தேனீ, அது வேறு இனம்.

செயலிக் கடைகளில் ‘தேனீக் கண்’ என்று கிடைப்பவை எல்லாம் குப்பை. செல்ஃபோனின் பிளாஸ்டிக் லென்ஸும் தடுப்பும் புற ஊதாவை உள்ளேயே விடாதபோது எதை வைத்துக் கணக்குப் போடும்? அறுகோணக் கட்டங்களாக உடைத்துக் காட்டுவது அதைவிட வேடிக்கை. நம் விழித்திரையில் புள்ளி புள்ளியாகச் செல்கள் இருப்பதால் நாம் உலகத்தைப் புள்ளியாகவா பார்க்கிறோம்? தேனீக்கு வருவது மங்கல். ஒரு பூவின் நிறத்தை அது அறிய, பூ அதன் கண்ணில் 15 டிகிரி அகலம் பிடிக்க வேண்டும். பச்சை உணர்வியின் வேறுபாட்டை வைத்து ‘ஏதோ இருக்கிறது’ என்று அறிய 5 டிகிரி. 5 செ.மீ. பூவுக்குக் கணக்குப் போட்டால், நிறம் தெரிவது சுமார் 19 செ.மீ. தூரத்தில், இருப்பு தெரிவது சுமார் 57 செ.மீ. தூரத்தில். மகரந்தத் துகள் ஒவ்வொன்றும் எண்ணக்கூடிய கூர்மையில் ஒரு மேக்ரோ படத்தை எடுத்து அதற்குத் தேனீப் பார்வை என்று பெயர் வைக்க நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

மதுரையில் இந்தச் செட்டை வாங்கியதும் எல்லாரும் முதலில் தூக்கிக்கொண்டு ஓடுவது மல்லிகையிடம். அங்கே இது கொஞ்சம் தடுமாறும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வருவது மொட்டு, மலர்வது அந்திக்கு மேல். மலர்கிற நேரத்தில் வெயில் இல்லை, எனவே ஃப்ளாஷ் இல்லாமல் பேச்சே இல்லை. வெள்ளைப் பூக்களில் பெரும்பாலானவை புற ஊதாவை விழுங்குபவை. சேனல் மாற்றிய படத்தில் அப்படிப்பட்ட வெள்ளை, மஞ்சளாக வரும். அதனால் சூரியகாந்தி மாதிரி ஒரு வட்டத்தை மல்லியிடம் எதிர்பார்த்துப் போகாதீர்கள். கட்டிய சரத்தை வேண்டாம் என்று விட்டு, செடியிலிருக்கும் மொட்டைத் தேர்ந்தெடுத்து, மாலையே ஈர்க்குச்சியில் நிறுத்தி, ஃபோகஸை 365 டார்ச் அடித்து முடித்து வையுங்கள். பூ விரிய விரிய இதழ் முன்னால் வரும், எஃப் 11 வைத்தாலும் ஃபோகஸ் தப்பும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஹெலிகாய்டைத் தொட வேண்டியிருக்கும்.